ஒரே குழுவில் மூன்று வேலை

கேள்வி: கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டில் இரண்டு பிரிவும் சேர்த்து 120 மாணவர்கள். போன பருவத்தில் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் காலை வணக்கப் படங்களும் 'ஓகே மேம்', 'தேங்க் யூ மேம்' பதில்களும் நிரம்பி, நான் போடும் அறிவிப்பு எங்கோ மேலே போய்விடுகிறது. பாடத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதே ஆட்கள் இரவு பதினொன்றரைக்குத் தனியாக 'மேம், நாளைக்கு டெஸ்ட் எந்த யூனிட்?' என்று அனுப்புகிறார்கள். நடுவில் ஒருமுறை இன்டர்னல் மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போட்டுவிட்டேன். ஒரு மாணவி இரண்டு நாள் வகுப்புக்கே வரவில்லை. துறைத்தலைவரோ, 'சமூக ஊடகத்தைக் கற்பித்தலில் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று அறிக்கை கொடுங்கள்' என்கிறார். டெலிகிராமுக்கு மாறலாமா? டிஸ்கார்ட் நல்லது என்கிறார் ஒரு நண்பர். மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் கோரிக்கை அனுப்பினால் ஏற்கலாமா? பங்கேற்புக்கு மதிப்பெண் தரலாமா?

பதில்:

அன்புள்ள பேராசிரியைக்கு,

டெலிகிராமா, டிஸ்கார்டா என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எங்கே போனாலும் காலை வணக்கப் படங்கள் உங்களோடு சேர்ந்து குடிபெயரும். உங்கள் குழு மூன்று வேலைகளை ஒன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு திண்டாடுகிறது, அதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

'நாளை தேர்வு, அறை 12' என்பது ஒரு வேலை. 'எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் மாதிரித் திட்டவிலக்கத்தில், எண்ணிக்கையில் ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்?' என்பது இன்னொன்று. நான்கு பேர் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தி அறிக்கை எழுதுவது மூன்றாவது. முதல் பேச்சுக்கு ஆயுள் ஒரு நாள். இரண்டாவதற்கு ஒரு பருவம். பதில் நன்றாக அமைந்துவிட்டால் அடுத்த ஆண்டு மாணவருக்கும் அது ஆகும். மூன்றாவது, வாரக்கணக்கில் திருத்தித் திருத்தி வளர்வது. எந்தக் கருவி என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இந்த ஆயுளைத்தான். அரட்டைச் செயலியில் புதியது வர வரப் பழையது மேலே போய்க்கொண்டே இருக்கும். அறிவிப்புக்கு அது போதும். சந்தேகத்துக்குப் போதாது. சேர்ந்து எழுதுவதற்கு அறவே ஆகாது.

அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பை விட வேண்டாம், உங்கள் மாணவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். குழு அமைப்பில் போய், அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். 'ஓகே மேம்' அன்றைக்கே நின்றுவிடும். ஒரு செய்தியில் ஒரு விஷயம், முதல் வரியில் தேதி, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாதாரணக் குழுவில் சேர்த்தால் 120 பேருடைய தொலைபேசி எண்ணும் 120 பேருக்கும் தெரிந்துவிடும். 'அந்தக் குழுவிலிருந்து என் எண்ணை எடுத்து யாரோ மெசேஜ் அனுப்புகிறார்கள்' என்று மாணவிகள் சொல்வதைத் துறையில் உங்கள் காதிலும் கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பிலேயே 2023இல் வந்த சேனல் வசதியில், பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருவழி அறிவிப்புக்கு அது இன்னும் நல்லது.

மதிப்பெண் எந்தக் குழுவிலும் வரக்கூடாது. பெயரை எடுத்துவிட்டு வரிசை எண்ணை மட்டும் போட்டால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வகுப்பில் யாருக்கு என்ன எண் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் என்ற வகுப்பு நடத்தும் மென்பொருள்கள் இரண்டிலும் அவரவர் மதிப்பெண்ணை அவரவர் மட்டும் பார்க்கலாம். அது இல்லையென்றால் தனித்தனி மின்னஞ்சல். அந்த மாணவியிடம் நீங்கள் நேரில் இரண்டு வார்த்தை பேசிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மீதி படிப்பதற்கு முன்பு அதைச் செய்யுங்கள்.

இனி சந்தேகங்கள். நிஜமான பயன் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலான கல்லூரிகள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

வகுப்பில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் பள்ளி வகுப்பறைகளில் இதை அளந்து, 1970களில் எழுதினார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இணையத்தில் நடக்கும் கேள்வி-பதிலின் பெரிய வசதி இந்தக் காத்திருப்புதான். யோசித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுத மாணவருக்கு ஒரு இரவு முழுக்கக் கிடைக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அந்த இரவுக்குள் 40 செய்திகள் வந்து விழுந்துவிடும். கேள்வி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். உங்கள் மாணவர்கள் வாய் திறக்காததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கூச்சம். பூஜா சங்கர் கான்பூர் ஐஐடியில் கணினி அறிவியல் படித்தபோது வகுப்பில் பெண்கள் வெகு சிலரே. மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பயிற்சிகளை முடித்துவிட, கேட்கத் தயங்கித் தான் தனியாக உட்கார்ந்து போராடியதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்னால் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது அவர் தொடங்கியதுதான் பியாஸா என்ற கேள்வி-பதில் தளம். சக மாணவர்களுக்குத் தன் பெயர் தெரியாமல் அதில் கேள்வி கேட்கலாம். 120 பேர் பார்க்க ஒரு அசட்டுக் கேள்வி கேட்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் உங்களுக்குப் பதினொன்றரைக்குத் தனிச்செய்தி வருகிறது.

ஆகவே, சந்தேகத்துக்கு என்று தலைப்பு வாரியாகப் பிரியும் ஓர் இடம் வேண்டும். உங்கள் கல்லூரியில் மூடுல் இருந்தால் அதன் விவாதப் பகுதியே போதும். 2002இலிருந்து இருக்கிற மென்பொருள், பார்க்கப் பழையதாக இருக்கும், வேலை செய்யும். கூகுள் கிளாஸ்ரூமின் ஸ்ட்ரீம் பக்கமும் அரட்டை மாதிரியே ஓடிவிடுவதால் அதைச் சந்தேகத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதில் 'கேள்வி' என்று தனியாக ஒன்று உருவாக்கி, மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுத அனுமதிக்கலாம், அது பரவாயில்லை. இவை எதுவும் இல்லாவிட்டால் உங்கள் நண்பர் சொன்ன டிஸ்கார்டைப் பார்க்கலாம். விளையாட்டு ஆடுகிறவர்களுக்காக 2015இல் வந்தது என்றாலும், தலைப்பு வாரியாகப் பேசும் வசதி இப்போது அதில் இருக்கிறது. தொலைபேசி எண்ணும் வெளியே தெரியாது. முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் தனிச்செய்திகளை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் முதல் நாளே எல்லாருக்கும் செய்து காட்டிவிடுங்கள்.

தலைப்புக்கு ஒரு விதி வையுங்கள். 'ஹெல்ப் ப்ளீஸ்' என்ற தலைப்பு செல்லாது. 'அலகு 3, கணக்கு 7: ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்?' என்பது செல்லும். தேர்வுக்கு முந்தின வாரம் தேடுகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் உதவும்.

அப்புறம், கேள்வி வந்ததும் நீங்கள் ஓடிப்போய்ப் பதில் சொல்லாதீர்கள். பேராசிரியர் பதில் வந்துவிட்டால் அந்த இழை, அதாவது அந்தக் கேள்வியின் கீழ் நடக்கும் பேச்சு, அங்கேயே செத்துவிடும். ஒரு நாள் விடுங்கள். 'மாதிரி சின்னது என்பதால்' என்று ஒருவர் எழுதுவார். 'சூத்திரம் அப்படித்தான்' என்று இன்னொருவர். அப்போது நீங்கள் உள்ளே வந்து, சரி தவறு சொல்லாமல் இப்படிக் கேளுங்கள்: 'ஐந்து எண்களின் சராசரி 10. அதில் நான்கு எண்களைச் சொல்லிவிட்டேன். ஐந்தாவதைச் சொல்ல வேண்டுமா?' யாராவது ஒருவருக்குப் பொறி தட்டும். சராசரியை நிர்ணயித்த பிறகு கடைசி எண்ணுக்குச் சுதந்திரம் இல்லை என்று அவரே தன் சொற்களில் எழுதுவார். அதைத்தான் மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். தவறான தகவல் பரவினாலோ தேர்வு நெருங்கிவிட்டாலோ மட்டும் இந்தக் காத்திருப்பை விட்டுவிடுங்கள்.

தனியாக வரும் சந்தேகங்களுக்கு ஒரே பதில்: 'நல்ல கேள்வி. சந்தேகப் பகுதியில் போடுங்கள், அங்கே பேசலாம்.' கூச்சப்படுகிற பிள்ளையாகத் தெரிந்தால் பெயரைச் சொல்லாமல் நீங்களே போடுங்கள். பெயரும் மின்னஞ்சலும் கேட்காத ஒரு கூகுள் படிவத்தைத் திறந்து வைத்தாலும் சரி, அசட்டுக் கேள்விகள் அதில்தான் வந்து சேரும். அவைதான் நீங்கள் பாடம் எடுத்த லட்சணத்தைக் காட்டும்.

கேட்பவை பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அசோக் கோயல் என்ற பேராசிரியர் நடத்திய ஒரு இணையவழிப் பாடத்தில், ஏறத்தாழ 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் எழுதிய செய்திகள் சுமார் 10,000. பதில் சொல்லி மாளாமல், வழக்கமாக வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்ல 2016இல் ஜில் வாட்சன் என்ற கணினி நிரலை உதவியாசிரியராக உட்கார வைத்தார்கள். எழுதுவது மனிதர் இல்லை என்பது பருவ இறுதியில் சொல்லும்வரை மாணவர்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்கு நிரல் வேண்டாம். 'அடிக்கடி கேட்பவை' என்று ஒரு ஆவணம் போதும். அதே கேள்வி இரண்டாம் முறை வந்தால் அதில் ஏற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்கும் பாடக் கேள்விகளுக்குப் பதில் வராததைப் பற்றி. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய ஒரு கணக்கு இருக்கிறது: இணையக் கூட்டங்களில் 90 சதவீதம் பேர் வாசிப்பதோடு சரி, 9 சதவீதம் எப்போதாவது எழுதுவார்கள், மீதி 1 சதவீதம்தான் ஓயாமல் எழுதும். வகுப்பறையில் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்க வேண்டியதில்லை, என்றாலும் பேசாதவர்கள் படிக்காமல் இல்லை என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். 'சராசரி, இடைநிலை (வரிசையின் நடு மதிப்பு): வேறுபாடு தருக' என்று போட்டால் முதல் ஆள் எங்கிருந்தோ ஒட்டுவார், மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. இப்போது கேட்கவே வேண்டாம், செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் அட்டவணை போட்டே வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஒரு பேருந்தில் பத்துப் பேர், சராசரி வயது 20. 90 வயதுப் பாட்டி ஒருவர் ஏறுகிறார். சராசரி, இடைநிலை இரண்டில் எது அதிகம் நகரும்? கணக்குப் போடாமல் ஊகம் சொல்லுங்கள்.' அடுத்த நாள்: 'பாட்டி ஏறியும் இடைநிலை இம்மியும் அசையக்கூடாது. அப்படிப் பத்து வயதுகளை நீங்களே அமைத்துக் கொடுங்கள்.' வயதுகளை வரிசைப்படுத்தும்போது ஐந்தாமவரும் ஆறாமவரும் ஒரே வயதாக இருந்தால் இடைநிலை அசையாது. அதை 120 பேர் 120 விதமாக அமைக்கலாம். பார்த்து எழுதினால் தெரிந்துவிடும், அடுத்தவருடையதைச் சரிபார்க்கவும் ஆசை வரும்.

பங்கேற்புக்கு மதிப்பெண் கொடுக்கலாம், கொஞ்சமாக. 'வாரம் இரண்டு பதிவு, மூன்று மறுமொழி' என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். வைத்தால் 'அருமையான கருத்து, நானும் ஒப்புக்கொள்கிறேன்' என்று நூறு பதிவுகள் வரும், அவற்றைப் படிக்கும் தண்டனை உங்களுக்கு. அதற்குப் பதிலாக முறை வையுங்கள். வாரத்துக்கு எட்டுப் பேர். நான்கு பேர் சந்தேகங்களுக்கு முதல் பதில் எழுத வேண்டும். இரண்டு பேர், வந்த பதில்களில் ஓட்டை தேட வேண்டும். மீதி இரண்டு பேர் வாரக் கடைசியில் எல்லாவற்றையும் பத்து வரியில் சுருக்கி 'அடிக்கடி கேட்பவை' ஆவணத்தில் சேர்க்க வேண்டும். 15 வாரத்தில் 120 பேருக்கும் ஒரு முறை வந்துவிடும், மதிப்பெண்ணும் அந்த ஒரு வாரத்துக்குத்தான். உங்கள் பருவம் அதைவிடக் குறைவான வாரங்கள் என்றால் வாரத்துக்குப் பத்துப் பேராக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை, சேர்ந்து எழுதுவது. 1973க்கு முன்பே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளாட்டோ என்ற கணினிக் கல்வி அமைப்பு இருந்தது. அதில் குறைகளைத் தெரிவிக்க ஒரு பொதுக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். யாரும் எதையும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதை அழிக்கவும் செய்யலாம். யார் எழுதியது என்றே தெரியாது, சில சமயம் கோப்பு முழுவதையும் யாராவது அழித்துவிடுவார்கள். 1973இல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன், எழுதியவர் பெயரும் தேதியும் தானாகவே பதிவாகும்படி, மற்றவர் கைவைக்க முடியாதபடி ஒரு நிரல் எழுதினான். பிளாட்டோ நோட்ஸ் என்ற அது, இன்றைய விவாதப் பக்கங்களுக்கு முன்னோடி. விக்கி இதை வேறு விதமாகத் தீர்த்தது. யாரும் திருத்தலாம், ஆனால் ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும், அழித்ததை மீட்கலாம். வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியை 1995இல் வெளியிட்டார்.

உங்களுக்குத் தேவை அந்த வரலாற்றுப் பக்கம்தான். கூகுள் டாக்ஸிலும் அது இருக்கிறது. நான்கு பேர் குழுவில் ஒருவர் மட்டும் உழைத்து மற்ற மூவர் பெயர் போட்டுக்கொள்ளும் பழைய கதை, அதைத் திறந்தால் நேரத்தோடு தெரியும். அதற்காக அதைப் போலீஸ் கண்ணால் பார்க்காதீர்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, மடிக்கணினி வைத்திருக்கிற ஒருவர் மட்டும் தட்டச்சு செய்திருக்கலாம். ஒவ்வொருவரும் தான் செய்ததைத் தனியாக ஐந்து வரி எழுதித் தரட்டும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆவணத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதும் வசதியை நீங்களும் பயன்படுத்துங்கள். முடிந்த அறிக்கையில் சிவப்பு மையால் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. பாதி வழியில் 'இந்த வரைபடத்துக்கு அளவுகோல் எங்கே?' என்று கேட்டால் அன்று மாலையே திருத்தியிருப்பார்கள்.

இரவுச் செய்திகளுக்கு, நேரத்தை அறிவித்துவிடுங்கள்: 'மாலை ஏழு வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு வருவது மறுநாள்.' அறிவித்தபின் பதினொன்றரைக்கு ஒரே ஒரு பதில் போட்டாலும் அதுதான் விதியாகிவிடும். பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நமக்குச் சட்டம் வரும்வரை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். உங்களுக்கே இரவில்தான் எழுத நேரம் கிடைக்கிறது என்றால் எழுதி, காலையில் போகும்படி அட்டவணையிடுங்கள். ஜிமெயிலிலும் டெலிகிராமிலும் அது முடியும். உடல்நலம், பாதுகாப்பு போன்ற அவசரம் இதில் சேராது, அதற்கு யாரை அழைப்பது என்பதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

இன்ஸ்டாகிராம் கோரிக்கையை ஏற்க வேண்டாம். சிலருக்கு ஏற்று சிலருக்கு மறுத்தால் பேச்சு வரும், எல்லாரையும் ஏற்றால் உங்கள் வீட்டுப் படங்கள் வகுப்பில் சுற்றும். 'படிப்பு முடிந்தபின் சேருங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பாடத்துக்கென்று பொதுப்பக்கம் ஒன்று நடத்தினால் அது வேறு விஷயம். அதிலும், மாணவர்கள் கணக்கு தொடங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. சமூக ஊடகத்திலிருந்து விலகியிருக்க ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ சொந்தக் காரணங்கள் இருக்கலாம். அதை நமக்கு விளக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

நீங்கள் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு உங்கள் மாணவர்களிடம் கட்டாயம் இருக்கும். காலை வணக்கமும் கிண்டலும் அங்கே போகட்டும். அதில் உங்களைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கிளாஸ் ரெப்பிடம் விசாரிக்கவும் வேண்டாம்.

துறைத்தலைவருக்கான அறிக்கையில் 'இத்தனை பதிவுகள், இத்தனை பேர் பார்த்தார்கள்' என்று நிரப்பாதீர்கள். 'அடிக்கடி கேட்பவை' ஆவணத்தை அப்படியே இணையுங்கள். எந்த அலகில் சந்தேகம் அதிகம் வந்தது, அதனால் அடுத்த முறை எதை மாற்றி எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். படித்துவிட்டு, 'சமூக ஊடகம் எங்கே?' என்று அவர் கேட்டால் மாணவர்கள் எழுதிய ஒரு இழையைப் பெயர்களை நீக்கிவிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக, இந்தக் கருவிகளை நம்பி உங்கள் பாடப் பொருளை அங்கேயே விட்டு வைக்காதீர்கள். வலைப்பக்கங்களைத் தொடர்ந்து படிக்க ஆசிரியர்கள் பலர் பயன்படுத்திய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். வகுப்பு விக்கிகளுக்குப் பேர்போன விக்கிஸ்பேசஸ் 2018இல் போயிற்று. அடுத்த ஆண்டு பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ், 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனையோ வகுப்புகளின் பேச்சு இருந்தது. பருவம் முடியும் வாரத்தில், வாட்ஸ்அப் அறிவிப்புகளை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. சந்தேக இழைகளில் நல்லவற்றையும் 'அடிக்கடி கேட்பவை' ஆவணத்தையும் பிடிஎஃப் ஆக்கி உங்கள் கணினியில் ஒரு பிரதி, துறையில் ஒரு பிரதி வையுங்கள். மாணவர் பெயர்களை எடுத்துவிட்டு, அடுத்த இரண்டாம் ஆண்டுக்கு முதல் வகுப்பிலேயே அதைக் கொடுங்கள். ஒன்றைக் குறைத்து ஏன் வகுக்கிறோம் என்ற கேள்வியை அவர்களும் கேட்பார்கள், ஆனால் கொஞ்சம் மேலே நின்று கேட்பார்கள்.